கிளென் வேவர்லி வடிகாற் புராணம்

இடையூறு நீக்கும் முதல்வனை வணங்கிவிட்டே எதையும் தொடங்குதல் நம் மரபு. இக்கதையோ ஒரு செயற்குழுவைப் பற்றியது. ஆகவே இடையூறு செய்வோரையும் உடன் வணங்கிக்கொள்வதே முறை. பதினான்கு உறுப்பினர், ஆறு உபகுழு, போஷகர் எனும் புரவலர் மூவர், ஒரு நிரந்தர ஆலோசகர் ஆகிய அனைவர் திருவடியும் வாழ்க.

நாட்டுச் சிறப்பு உரைக்காமல் நாயகனைக் காட்டுதலும் குற்றம். மெல்பேர்ன் மாநகரின் தென்கிழக்கே, இரயில் தடம் முடிகிற இடத்தில் பெற்றோரின் ஆசை தொடங்குகிறது. அவ்விடத்துக்குக் கிளென் வேவர்லி என்று பெயர். அங்கே ஒரு தெருவின் இடப்புற வீடுகள் நல்ல பள்ளியின் சேர்க்கை எல்லைக்கு உள்ளேயும் வலப்புற வீடுகள் வெளியேயும் இருக்கும். இடப்புறத்தார் வலப்புறத்தாரைக் காணும்போது புன்னகை செய்வர். அப்புன்னகையில் கருணை இருக்கும். இந்நன்னாட்டில், சனிக்கிழமைதோறும் ஒரு பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து நடந்துவருவது தென்திசைத் தமிழ்க் கல்விக் கழகம்.

கழகம் அவ்வாண்டு ஒரு புதுமை கண்டது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பண்டைய நாகரிகத்தை ஆராய்ந்து, நவம்பர் மாதக் கண்காட்சியில் சபையோர் முன் விளக்க வேண்டும். பிள்ளைகள் பதினொருவர். அவர்களை நடத்தப் பதினான்கு பேர் கொண்ட செயற்குழு போதாது என்று செயற்குழுவே ஒருமனதாகக் கண்டறிந்து, வழிகாட்டி எனும் புதிய பதவியைத் தோற்றுவித்தது.

சேஷாத்ரி அப்பதவிக்கு விண்ணப்பிக்கவில்லை. சென்னையிலிருந்து வந்து நான்காண்டாகிறது. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது தொழில். மகளை முதல் வகுப்பில் விட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். கையில் ஒன்றுமில்லை. கழக வளாகத்தில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது சம்மதமெனக் கொள்ளப்படும் என்பதை அவர் அறியார்.

“தம்பி சும்மாதானே நிக்கிறீர்?” என்று ஒரு குரல் கேட்டது. கழகத் தலைவர் வரதராஜாவின் குரல். யாழ்ப்பாணத்தவர், ஒலிவாங்கி இல்லாத இடத்திலும் அது இருப்பதாகப் பாவித்துப் பேசுபவர்.

“பொண்ணு கிளாஸ் முடியற வரைக்கும்தான் சார்.”

“ஓம், அப்ப சரி. நீர்தான் வழிகாட்டி.”

“எதுக்கு சார்?”

“அதை வழிகாட்டிகளுக்கு வழிகாட்டுற கூட்டத்திலை சொல்லுவம்.”

அக்கூட்டம் நான்கு மணி நேரம் நடந்தது. வழிகாட்டிகள் சார்பில் சேஷாத்ரி ஒருவரே வந்திருந்தார். அவரை வரவேற்று மூவர் பேசினர். வந்தமைக்கு நன்றி கூறி இருவர் பேசினர். முடிவில், ‘வழிகாட்டிகளுக்கான வழிகாட்டி’ எனும் அறுபத்து நான்கு பக்க நூல் கையளிக்கப்பட்டது. அதன் முதல் நாற்பது பக்கங்களும் ஆசிச் செய்திகள், வாழ்த்துச் செய்திகள், அவற்றை அருளியோரின் வண்ணப்படங்கள். எஞ்சியவை படிவங்கள். வழி எங்கே என்று சேஷாத்ரி இருமுறை தேடினார். பிழை கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்டவர்க்கும் அது கிடைக்கவில்லை.

*

பிள்ளைகள் பதினொருவருள் நால்வர் பிரமிடைத் தேர்ந்தனர். மூவர் ரோமானியரின் வட்ட அரங்கைத் தேர்ந்தனர். மூவருக்கு அவர்தம் தந்தையர் தேர்ந்துகொண்டிருந்தனர். பெற்றோர் உதவலாகாது எனும் விதி முன்னமே அறிவிக்கப்பட்டிருந்தது. அவ்விதி தாய் தந்தை இருவருக்குமா, ஒருவருக்கு மட்டுமா என்று ஒருவர் எழுந்து கேட்டதும், அது ஓர் உபகுழுவின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே தங்கிவிட்டது.

பதினோராமவள் மிருணாளினி. வயது பன்னிரண்டு. ஒரு கேள்வியோடு வந்தவள் அவள் ஒருத்தியே.

“அங்கிள், மொஹெஞ்சதாரோல எல்லா வீட்டிலயும் குளிக்கிற இடம் இருந்ததாம். அந்த டர்ட்டி வாட்டர் எங்க போனது? பக்கத்து வீட்டு வாசலுக்கா?”

“ஏன்மா இப்படிக் கேக்கற?”

“எங்கட பக்கத்து வீட்டு ரூஃப் தண்ணி எங்கட பேக்யார்டுக்குத்தான் வருது. அம்மா கவுன்சிலுக்கு மூண்டு லெட்டர் போட்டிட்டா. நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கோ எண்டு ரிப்ளை. ஐயாயிரம் வருஷத்துக்கு முதல் அவையள் எப்பிடித் தீர்த்தவை?”

தாழ்வாரத்தில் நின்ற நாளுக்குப் பின் சேஷாத்ரியின் முகம் அன்றுதான் மலர்ந்தது. செங்கல் பதித்து, மேலே பலகைக் கல் மூடி, தெருவோடு சரிந்தோடும் ஒரு வடிகாலை அவள் களிமண்ணில் செய்யப்போகிறாள். அதில் உண்மையாகவே நீர் ஊற்றி, ஓடுகிறதா கசிகிறதா என்று எல்லார் முன்னிலும் பார்க்கப்போகிறாள்.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“த்ரீ மினிட்ஸ்.”

“உனக்கு மூணு நிமிஷம் கண்டிப்பா உண்டு. நான் பாத்துக்கறேன்.”

“ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்.”

பழங்கதைகளில் ஒரு வாக்குக்காகக் காடு சென்றோர் உளர். சேஷாத்ரி செயற்குழுவுக்குச் சென்றார்.

*

முதலில் ஆய்வு நெறிமுறைத் தலைவர் பார்த்தசாரதியைக் காணவேண்டியிருந்தது. திருச்சிக்காரர், வார நாளில் படிவம் வடிவமைப்பது அவர் உத்தியோகம், வார இறுதியில் அதுவே அவர் வழிபாடு. மிருணாளினியின் இரண்டாம் படிவத்தை விரல் நுனியால் ஏந்திக் காட்டினார். ‘ஆய்வின் முடிவு’ எனும் கட்டத்தில் ‘இன்னும் தெரியாது’ என்று எழுதியிருந்தது.

“இதை நான் எப்படி சார் அப்ரூவ் பண்றது?”

“இன்னும் ஆராய்ச்சியே தொடங்கல சார்.”

“அதைத்தான் சொல்றேன். முடிவு தெரியாம ஆராய்ச்சில இறங்கினா எங்க போய் நிப்போம்? நெறிமுறையப் பாருங்க. ரெண்டாம் படிவம் முடிவு. மூணாம் படிவம் முடிவுக்கு ஒப்புதல். நாலாம் படிவத்துலதான் கேள்வியே வருது.”

“கேள்வி முதல்ல வர வேண்டாமா?”

“வந்துச்சுன்னா பதில் அது இஷ்டத்துக்கு வரும் சார். பொறுப்பு யாரு? நானா, நீங்களா?”

சேஷாத்ரி அந்தக் கட்டத்தில் ‘பெருமைக்குரியது’ என்று எழுதிக்கொடுத்தார். ஒப்புதல் அப்பொழுதே கிடைத்தது. எது பெருமைக்குரியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான்காம் படிவம் செயற்குழுவின் முன் சென்றபோதுதான் உண்மையான புயல் எழுந்தது. சிந்துவெளி மக்கள் நம் முன்னோரா என்பது அறிஞர்க்கு இன்னும் ஐயம். கழகத்துக்கோ அது மூன்றாண்டுக்கு முன்பே ஒன்பதுக்கு ஐந்து வாக்கில் நிறைவேறிய தீர்மானம். அத்தகைய முன்னோரைக் கழிவுநீரோடு சேர்த்துப் பேசுவதா என்று பலர் உள்ளம் புண்பட்டது.

வரதராஜா எழுந்தார். “பிள்ளை ஆராயிறது சந்தோஷம். ஆனா ஏன் தம்பி போயும் போயும் ஒரு கழிவுநீர்க் கானைப் பற்றி? கோபுரத்தைப் பற்றிச் செய்யலாமே?”

“அங்க கோபுரம் எதுவும் கிடைக்கல சார்.”

“கிடைக்கேல்லை எண்டதுக்காக இல்லையெண்டு சொல்லேலுமோ? கிடைக்காததுகளைப் பற்றித்தானே நாங்கள் இருபது வருசமாப் பேசிக்கொண்டு வாறம்!”

கரவொலி எழுந்தது. இரண்டு மணி நேர விவாதத்தின்பின் வாக்கெடுப்பு நடந்தது. முன்னோர் நாள்தோறும் நீராடினர் என்றும், ஆயினும் அந்நீர் அழுக்காகவில்லை என்றும் எட்டுக்கு ஆறு எனும் கணக்கில் தீர்மானமாயிற்று. அத்தூய நீர் வெளியேற ஒரு வடிகால் அமைத்திருக்கலாம் என்பதில் செயற்குழுவுக்கு ஆட்சேபமில்லை. நடவடிக்கைக் குறிப்பில் அது ‘நீர்ப்பெருவழி’ எனப் பதிவாயிற்று.

அடுத்தது நீர் இடர் மதிப்பீடு. ஊற்றப்படவிருக்கும் நீர் நானூறு மில்லிலீற்றர். வடிகாலின் ஆழம் இரண்டு சென்ரிமீற்றர். மண்டபத்தில் நீர்நிலை அமையுமிடத்து நீச்சற் சான்றிதழ் பெற்ற ஒருவர் அருகில் நிற்றல் வேண்டும் என்று ஏழாம் படிவம் கூறியது. சேஷாத்ரிக்கு நீச்சல் தெரியாது. பார்த்தசாரதிக்கும் தெரியாது. பதினான்கு உறுப்பினருள் எவரும் முன்வரவில்லை.

“அங்கிள், எனக்கு லெவல் சிக்ஸ் சேர்ட்டிஃபிகேட் இருக்கு,” என்றாள் மிருணாளினி.

“உன் புராஜெக்ட்ல நீயே விழுந்தா உன்னை நீயே காப்பாத்துவியா?” என்று பார்த்தசாரதி கவலையோடு கேட்டார்.

“ஓம் அங்கிள். ஐ வில் ட்ரை.”

அனுமதி கிடைத்தது.

இவ்வாறு கழகம் காகிதத்தில் நீந்திக்கொண்டிருக்க, அவள் வீட்டில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. “என்ர பேக்கிங் ட்ரே எல்லாம் இவளிட்டத்தான்,” என்று தாய் கமலினி ஒரு சனிக்கிழமை முறையிட்டார். மருத்துவமனைத் தாதி; இரவு வேலை முடித்து நேரே வந்திருந்தார். “ஓவனைத் திறந்தா கேக் வாசம் வரும் எண்டு போனன். உள்ளுக்கை செங்கல்! நானூறு செங்கல்! நகத்தளவு!” ஒவ்வொன்றையும் அவள் சுட்டு, அடுக்கி, பூசி, கொல்லையில் நீர் ஊற்றிப் பார்த்தாள். முதல் முறை கசிந்தது. ஏழாம் முறை சரிவு போதாமல் நீர் நின்றுவிட்டது. பதினோராம் முறையும் கசிந்தது. பன்னிரண்டாவதாகக் கட்டியதில் அவள் நீர் ஊற்றவில்லை. அதை மூன்று நிமிடத்துக்கென்று வைத்திருந்தாள்.

*

கண்காட்சி நாள் வந்தது. பகல் இரண்டு மணிக்குத் தொடக்கம்; ஐந்துக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். பிரமிடுகள் திறந்த வண்டிகளில் வந்திறங்கின. அவற்றுள் ஒன்றுக்குக் குளிரூட்டும் வசதி இருந்தது. கட்டடப் பொறியியலாளரான தந்தை அதைத் தொடவேண்டாமென்று மகனைக் கேட்டுக்கொண்டார். மிருணாளினியின் வடிகால், ஒரு மேசையின் மேல் மூன்றடி நீளத்தில், ஒன்றும் சொல்லாமல் கிடந்தது.

அந்நாட்டு வழக்கப்படி, இந்நிலத்தின் முதல் மாந்தரான பழங்குடியினரை நினைவுகூர்தல் முதலில் நிகழ்ந்தது. அன்றைய நிகழ்ச்சிகளுள் குறித்த நேரத்தில் முடிந்தது அது ஒன்றே. பின்னர் மங்கல விளக்கு. மண்டபத்தில் புகை உணரும் கருவி இருந்தமையால் விளக்கு மின்கலத்தால் எரிவது. ஆயினும் பிரமுகர் பதினொருவரும் காலணி கழற்றி, ஏற்றாத மெழுகுதிரியை விளக்கின் ஒவ்வொரு முகத்திலும் பயபக்தியோடு தொடுவித்தனர். திரைக்குப் பின்னிருந்து ஓர் உறுப்பினர் அவ்வப்போது பொத்தானை அழுத்தினார். ஐந்தாமவர் தொடுமுன்னே ஒரு சுடர் எரிந்துவிட்டது. அவர் மனம் வருந்தலாகாதென்று எல்லாவற்றையும் அணைத்து முதலிலிருந்து ஏற்றினர்.

வாழ்த்துப் பாடல், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, அத்தலைமையுரையைப் பாராட்டிய உரை. ஒவ்வோர் உரைக்கும் ஒரு பொன்னாடை. போர்த்தியவரைக் கௌரவிக்க அவருக்கொன்று. அவரைப் போர்த்தியவருக்கும் ஒன்று. பொன்னாடைகள் தீர்ந்தபோது, முதலில் போர்த்தியவற்றை மெல்ல உருவி வந்து மீண்டும் போர்த்தினர்.

மூன்றேகால் மணிக்குப் பார்த்தசாரதி சேஷாத்ரியின் காதருகே குனிந்தார். “சார், மூணு நிமிஷம் ஒன்றரை ஆயிடுச்சு.”

“ஏன் சார்?”

“இன்னொரு போஷகர் வந்துட்டார்.”

“அவரை யார் கூப்பிட்டது?”

“கூப்பிடாததாலதான் சார் பேச விடவேண்டியிருக்கு.”

நாலு மணிக்கு ஒன்றரை நிமிடம் முப்பது நொடியாயிற்று. சேஷாத்ரி திரும்பிப் பார்த்தார். மிருணாளினி மேசையருகே நீர்க்குடுவையை இரு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தாள். “தர்ட்டி செகண்ட்ஸ்ல தண்ணி மற்றப் பக்கம் போய்ச் சேராது அங்கிள்,” என்றாள். வேகமாக ஊற்றலாமே என்றார் பார்த்தசாரதி. “ஸ்லோவா ஊத்தினாத்தான் கசியிறது தெரியும்.”

“கசியிறதை எதுக்குமா காட்டணும்?” என்று அவர் உண்மையாகவே திகைத்தார். அதற்குள் அவர் முறை வந்துவிட்டது; மேடையேறினார்.

“அவையோரே! சிந்துவெளியில் அரண்மனை கிடைக்கவில்லை. அரசன் இருந்தான் என்பதற்கு அடையாளம் கிடைக்கவில்லை. ஆயினும் நேரான தெருக்கள், ஒரே அளவான செங்கற்கள், ஒழுங்கு! அரசனில்லாமல் இது எப்படி நடந்தது? நான் நெடுநாள் சிந்தித்தேன். அங்கே ஒரு செயற்குழு இருந்திருக்க வேண்டும்!” மேடை முழுதும் எழுந்து நின்று கைதட்டியது. “அந்த நாகரிகம் ஏன் அழிந்தது என்பது மட்டும் இதுவரை விளங்கவில்லை.”

அடுத்து வரதராஜா நிறைவுரைக்கு வந்தார். அது அவருடைய மூன்றாம் உரை. “பிள்ளையள்தான் எங்கட எதிர்காலம். எதிர்காலத்துக்கு இன்னும் நிறைய நேரமிருக்கு. எங்களுக்குத்தான் நேரமில்லை. ஆகையால் நான் இன்னும் ரெண்டொரு வார்த்தை...”

ரெண்டொரு வார்த்தை நாற்பது நிமிடம் நீண்டது. சேஷாத்ரி ஒரு துண்டுத் தாளில் ‘பிள்ளைகள்’ என்று எழுதி அனுப்பினார். தலைவர் அதை வாசித்து, “பிள்ளைகளைப் பற்றியும் பேசச் சொல்லிச் சபையோர் விரும்புகினம்,” என்று மகிழ்ந்து மேலும் பத்து நிமிடம் பேசினார். எஞ்சிய நேரத்தில் பதினொரு பிள்ளைகளும் ஒன்றாக மேடையேறிக் கையசைப்பர் என்று அறிவிக்கப்பட்டது. அவர்கள் ஏறுமுன் பிரமுகர்கள் படமெடுத்துக்கொள்ள வந்துவிட்டனர். பிள்ளைகள் முன்வரிசையில் தரையில் அமர்த்தப்பட்டனர். மேசைகள் படத்தை மறைத்தமையால் அகற்றப்பட்டன.

அப்போது மண்டபப் பொறுப்பாளர் சாவிக்கொத்தோடு வாயிலில் தோன்றினார். “ஃபைவ் ஓ கிளாக், ஃபோக்ஸ்,” என்று மூன்றே சொல் சொன்னார். அன்றைய உரைகளுள் உடனே பலன் தந்தது அதுவே. விளக்குகள் அணைந்தன.

*

வாகனத் தரிப்பிடத்தில் நவம்பர் வெயில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. வடிகாலையும், இன்னும் ஊற்றாத நீர்க்குடுவையையும் தாயும் மகளுமாகத் தூக்கி வந்தனர். சேஷாத்ரி எதிரே வந்து நின்றார்.

“இட்ஸ் ஓகே அங்கிள்,” என்றாள் அவள். முகத்தைக் காரின் பக்கம் திருப்பியிருந்தாள்.

“மிருணா, ஏறு. போவம்,” என்றார் கமலினி. “நீங்கள் ஒண்டும் யோசிக்காதையுங்கோ. உங்களில பிழையில்லை.”

சேஷாத்ரி பார்த்தார். தரிப்பிடத்தின் ஓரத்தில், நடைபாதை விளிம்பை ஒட்டி, மழைநீர் இறங்கும் இரும்புச் சட்டம் ஒன்று இருந்தது.

“ஓகே இல்ல,” என்றார். “மூணு நிமிஷம் தர்றேன்னு சொன்னேன். எனக்கு அது கசியுதா இல்லையான்னு தெரிஞ்சாகணும். கீழ வை.”

“இஞ்சயா? ஆர் பார்க்கப்போயினம்?”

“நான் பாக்கறேன்.”

அவள் ஒரு கணம் தாயைப் பார்த்தாள். கமலினி திறந்திருந்த காரின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

வடிகாலின் கடைவாய் இரும்புச் சட்டத்தின்மேல் இருக்குமாறு வைத்தார்கள். மிருணாளினி முழங்காலிட்டு, குடுவையைச் சாய்த்தாள். நூல்போல் நீர் இறங்கியது. முதல் வீட்டுக் களிமண் குளியலறையில் விழுந்து, சிறு கால்வாயில் திரும்பி, தெருவின் பெருங்கால்வாயில் சேர்ந்து, மூடுகற்களின் கீழ் மறைந்தது. மறைந்த நீர் எங்கே என்று பார்க்க அவளும் சேஷாத்ரியும் குனிந்தனர். முதலில் ஓடிவந்தவன் குளிரூட்டிய பிரமிடின் சொந்தக்காரன். பின்னர் மற்றவர்கள். பதினொரு தலைகளும் ஒன்றோடொன்று முட்டின.

“வருது! வருது! கம் ஆன்!”

“நிண்டிட்டுது!”

“இல்லடா, அந்தக் குழியை நிரப்பிட்டு வரும்! அது அழுக்குத் தங்கிற குழி!” என்றாள் மிருணாளினி.

நீர் குழியை நிரப்பியது, விளிம்பில் ஒரு கணம் தயங்கியது, வழிந்தது. “என்ர பிரமிடில ஒண்டும் ஓடாது,” என்று பிரமிடின் சொந்தக்காரன் பொறாமையோடு சொன்னான். கடைவாயில் ஒரு துளி தோன்றி, பருத்து, விழுந்தது. அடுத்து ஒரு தாரை. கத்தியவர் பிள்ளைகள் மட்டுமல்லர். பிள்ளைகளைத் தேடி வந்த பெற்றோரும், பெற்றோரைத் தேடி வந்த போஷகர்களும் அதற்குள் சூழ்ந்திருந்தனர். பொன்னாடைகள் தரையில் புரண்டு நனைந்தன.

“மூண்டாவது ஜாயிண்ட்!” என்று மிருணாளினி கூவினாள். செங்கற்களுக்கிடையே சிறு ஈரம் படர்ந்திருந்தது. பரிசு பெற்றவள்போல் துள்ளினாள். “அங்கிள், பாருங்கோ, லீக்! அங்கதான் நான் நினைச்சனான்!”

பார்த்தசாரதி பேனாவைத் திறந்தார். “அப்ப முடிவுல கசிவுன்னு மாத்தணுமா? பெருமைக்குரியதுன்னு ஏற்கெனவே அப்ரூவ் ஆயிடுச்சே.”

“ஒண்டும் எழுதாதையுங்கோ அங்கிள். இன்னும் முடியேல்ல.”

கூட்டம் விலகியது. வரதராஜா வந்துகொண்டிருந்தார். சேஷாத்ரி தம்மையறியாமல் அவளுக்கு முன்னே போய் நின்றார். தலைவர் அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, பட்டு வேட்டியோடு தார்த்தரையில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடி வடிகாலின் நீளத்தை நோட்டமிட்டார். நாற்பதாண்டு நில அளவையாளராக இருந்தவர் என்பதைக் கழகத்தில் பலர் அன்றுதான் அறிந்தனர்.

“சரிவு எவ்வளவு, பிள்ளை?”

“மீற்றருக்கு ரெண்டு சென்ரிமீற்றர், அங்கிள்.”

“ஆர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. ஒண்டு வச்சன், நிண்டிட்டுது. மூண்டு வச்சன், குழி நிரம்பாமப் பாய்ஞ்சுது. அதுதான் ரெண்டு.”

அவர் வாய் திறந்தார். எல்லாரும் இன்னொரு நாற்பது நிமிடத்துக்கு ஆயத்தமாயினர். அவர் அதை மூடிக்கொண்டார். கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை, உரையில் சொல்ல விட்டுப்போனவற்றுக்கென்று கொண்டுவந்ததை, அவளிடம் நீட்டினார்.

“இன்னொருக்கா ஊத்து. நான் அந்த மூண்டாவது இடத்தைப் பார்க்கிறன்.”

அவள் ஊற்றினாள். மிக மெதுவாக ஊற்றினாள். தலைவர் கன்னம் தரையில் பட நீரைப் பார்த்தபடி கிடந்தார். பிரமுகர்கள் குந்தியிருந்தனர், பார்த்தசாரதி பேனாவின் மூடியை எங்கோ தொலைத்துவிட்டிருந்தார். நீர் முழுதும் ஓடி முடிய மூன்று நிமிடமாயிற்று.

தென்திசைத் தமிழ்க் கல்விக் கழகத்தின் வரலாற்றில் தலைவர் தொடர்ச்சியாக மூன்று நிமிடம் பேசாதிருந்தது அதுவே முதன்முறை. ஆயினும் நடவடிக்கைக் குறிப்பில் அதைக் காணமுடியாது. குறிப்பெடுக்க வேண்டிய செயலாளர், மூன்றாம் முறை ஊற்றுவதற்காக, நாலு போத்தல்களோடு குழாய் தேடி ஓடியிருந்தார்.